ஜப்பான் பேரரசு நிலைத்திருந்தால் ஐரோப்பா அதை எப்படிப் பார்த்திருக்கும்?

1904 அக்டோபர் 21-ஆம் தேதி இரவு, வட கடலின் டாகர் பேங்க் பகுதியில், இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்துப் படகுகள் மீன் பிடித்துக்கொண்டிருந்தன. அப்போது ஜப்பானோடு போரில் இருந்த ரஷ்யாவின் பால்டிக் கடற்படை அந்த வழியாக வந்து, அவற்றை ஜப்பானிய டார்பிடோ படகுகள் என்று நினைத்துச் சுடத் தொடங்கியது. ஒரு படகு மூழ்கியது, மீனவர்கள் இறந்தார்கள், குழப்பத்தில் ரஷ்யக் கப்பல்கள் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டன. ஜப்பான் இருந்ததோ பாதி உலகம் தள்ளி. ஒரு ஜப்பானியப் படகுகூட அந்தக் கடலில் இல்லை. ஆனாலும் இருட்டில் எதைப் பார்த்தாலும் ஜப்பானாகவே தெரியும் அளவுக்கு அந்த மாலுமிகளின் மனதில் பயம் ஏறியிருந்தது.

மாற்று வரலாறு, அதாவது நடந்தது வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஊகம், பற்றிப் படிப்பதும் அதைப் பற்றி யோசிப்பதும் எனக்குப் பல வருடப் பழக்கம். ஜப்பான் ஒரு பெரிய பேரரசாக நிலைத்திருந்தால் ஐரோப்பியர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்ற கேள்வியை யாராவது எடுக்கும்போது, பெரும்பாலும் 1942-இல் தொடங்குகிறார்கள். நிஜத்தில் அமெரிக்கா வென்ற மிட்வே கடற்போரில் ஜப்பான் ஜெயித்தது என்று வைத்துக்கொள்வோம், அப்புறம் ஹவாய், அப்புறம் ஆஸ்திரேலியா என்று வரைபடத்தில் நிறம் பூசிக்கொண்டே போகிறார்கள். எனக்கு இது ஒருபோதும் ஒப்பவில்லை. 1941-இல் ஜப்பான் நான்கு வருடமாகச் சீனாவில் சிக்கிக்கொண்டு வெளியே வர வழி தெரியாமல் நின்றது. அது எரித்த எண்ணெயில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது, அந்த அமெரிக்காவோடுதான் சண்டைக்குப் போனது. ஒரு கடற்போரில் ஜெயித்தால் இந்தக் கணக்கு மாறிவிடாது. அதோடு 1942-இல் ஐரோப்பா என்று ஒன்று தனியாக உட்கார்ந்து ஜப்பானைப் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. நெதர்லாந்தும் பிரான்ஸும் ஜெர்மனியின் காலடியில் கிடந்தன.

நிலைத்து நிற்கும் ஒரு ஜப்பான் பேரரசு வேண்டும் என்றால் வரலாறு வேறு வழியில் திரும்பும் கிளைப்பாதையை இருபது வருடம் முன்னால் தேட வேண்டும். அங்கே போனால் இன்னொரு நல்ல விஷயமும் கிடைக்கிறது. முழுக்கக் கற்பனை செய்யத் தேவையில்லை. 1902-லிருந்து 1922 வரை ஐரோப்பா நிஜமாகவே ஒரு வலிமையான ஜப்பானோடு வாழ்ந்தது. அதைப் பாராட்டியது, அதற்குக் கடன் கொடுத்தது, அதைக் கண்டு பயந்தது, அதோடு ஒப்பந்தம் போட்டது. அந்த இருபது வருடங்களைக் கவனமாகப் படித்தால் மீதியை ஓரளவு ஊகிக்கலாம்.

பிரிட்டனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் கதை மிகத் தெளிவாக இருக்கிறது. 1902 ஜனவரி 30 அன்று இரண்டு நாடுகளும் கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டனுக்கு ரஷ்யாவைத் தடுக்க கிழக்கே ஒரு ஆள் வேண்டும், ஜப்பானுக்கு மற்ற ஐரோப்பிய நாடுகள் நடுவில் புகாமல் இருக்க ஒரு துணை வேண்டும். ரஷ்யாவோடு நடந்த ஸுஷிமா கடற்போரில் ஜப்பானின் அட்மிரல் டோகோ நின்ற மிகாசா கப்பல் இங்கிலாந்தின் பேரோவில் விக்கர்ஸ் தளத்தில் கட்டப்பட்டது. டோகோவே இளம் வயதில் இங்கிலாந்தில் கடற்பயிற்சி பெற்றவர். ரஷ்யாவோடு நடந்த போருக்கான பணத்தை ஜப்பானிய நிதி அதிகாரி தகஹாஷி கொரேகியோ லண்டனிலும் நியூயார்க்கிலும் கடன் பத்திரம் விற்றுத் திரட்டினார். ரஷ்யாவில் யூதர்கள் மேல் நடந்த வன்முறையால் கொதித்துப்போயிருந்த நியூயார்க் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் அதில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டார்.

1905 மே மாதம் ரஷ்யக் கடற்படை ஸுஷிமாவில் அழிந்தபோது பிரிட்டனில் எழுந்த பாராட்டு வெறும் கூட்டாளிக்கான கைதட்டல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பட்ட அவமானத்துக்குப் பிறகு, நம்மிடம் ஒழுங்கும் திறமையும் போய்விட்டது, ஜப்பானியர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அங்கே பெரிய மனிதர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1907-இல் ஜப்பானிய இளவரசர் ஃபுஷிமி லண்டன் வந்தபோது, ஜப்பான் அரசவையைக் கிண்டல் செய்யும் ஒரு பிரபலமான இசை நாடகத்தை அவர் மனம் புண்படக் கூடாது என்று அரசே சில வாரம் தடை செய்தது. ஆசிய நாடு ஒன்றின் மனம் நோகும் என்று லண்டன் அதற்கு முன் எத்தனை தடவை கவலைப்பட்டிருக்கும்?

அதே ஐரோப்பாவில், அதே தலைமுறையில், ஜெர்மன் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1895-இல் ஓர் ஓவியம் வரையச் செய்து ரஷ்ய ஜாருக்கு அனுப்பினார். ஐரோப்பிய நாடுகள் பெண் உருவில் ஆயுதத்தோடு நிற்க, கிழக்கிலிருந்து புகையும் நெருப்பும் எழும்பி வருகிற படம். அந்த வருடம்தான் சீனாவிடம் ஜப்பான் வென்று வாங்கிய லியாவ்டுங் தீபகற்பத்தை ரஷ்யாவும் ஜெர்மனியும் பிரான்ஸும் சேர்ந்து மிரட்டித் திருப்பிக் கொடுக்க வைத்தன. மூன்று வருடத்தில் ரஷ்யா அதே இடத்தைத் தானே குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. ஜப்பானியர்கள் அதை மறக்கவே இல்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த காட்சி போலந்துக்காரர்களுடையது. 1904 கோடையில், ரஷ்யாவின் பிடியிலிருந்த போலந்தின் தலைவர்களில் ஒருவரான யோசெப் பில்சுட்ஸ்கி டோக்கியோ போய்ச் சேர்ந்தார். ஜப்பானின் பணத்தில் ரஷ்யாவுக்கு எதிராகப் போலந்தில் கிளர்ச்சி செய்ய வேண்டும் என்பது அவர் திட்டம். அவருடைய அரசியல் எதிரி ரோமன் த்மோவ்ஸ்கியும் அதே டோக்கியோவில் இருந்தார், அந்தத் திட்டத்துக்கு உதவாதீர்கள் என்று ஜப்பானியர்களிடம் சொல்ல. ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்திருந்த ஜப்பானிய ராணுவ அதிகாரி அகாஷி மோட்டோஜிரோ ஃபின்லாந்துப் புரட்சிக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். ரஷ்யாவின் காலடியில் இருந்த மக்களுக்கு ஜப்பான் ஆபத்தாகத் தெரியவே இல்லை, எங்கிருந்தோ வந்த உதவியாகத் தெரிந்தது.

ஐரோப்பா ஜப்பானைப் பார்த்த பார்வை என்று ஒன்று இருந்ததில்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு நாடும் தன் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்த பிறகுதான் ஜப்பானைப் பார்த்தது. நிறவெறி இருந்தது, நிறைய இருந்தது, ஆனால் அது தேவைக்கு ஏற்ப ஏறி இறங்கியது. ஜப்பானைச் சமமாக நடத்துவதற்கு ஐரோப்பா ஒரு விலையும் கேட்டது. எங்கள் காலனிகளை நீ அங்கீகரி, உன் காலனியை நாங்கள் அங்கீகரிக்கிறோம்.

இந்த விலை நம்மையும் தொட்டது. 1905 ஆகஸ்ட் 12-இல் பிரிட்டன்-ஜப்பான் ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்டபோது, கொரியாவில் ஜப்பானின் மேலாதிக்கத்தை பிரிட்டன் ஏற்றது, பதிலுக்கு இந்திய எல்லையின் பாதுகாப்பில் பிரிட்டனுக்குள்ள தனி உரிமையை ஜப்பான் ஏற்றது. ஆசிய நாடு ஒன்று வெள்ளைக்காரனை வீழ்த்தியது என்று இந்தியா முழுக்க மக்கள் பூரித்துப்போயிருந்த காலம் அது. பாரதியும் அந்த வருடங்களில் ஜப்பானைப் பற்றி உற்சாகமாக எழுதினார். அந்த நேரத்தில்தான் ஜப்பான் இந்தியாவின் மேல் பிரிட்டன் வைத்திருந்த பிடிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்தபோது அதை அடக்க பிரிட்டனுக்கு உதவியவர்களில் ஜப்பானியக் கடற்படை வீரர்களும் இருந்தார்கள். இதைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வலிக்கிறது.

வியட்நாமியர்களுக்கும் இதே அனுபவம். ஃபான் போய் சாவ் என்ற தலைவர் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக இளைஞர்களைத் தயார் செய்ய அவர்களை ஜப்பானுக்குப் படிக்க அனுப்பினார். 1907 ஜூனில் பிரான்ஸும் ஜப்பானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அடுத்த இரண்டு வருடத்துக்குள் அந்த மாணவர்களும் ஃபான் போய் சாவும் ஜப்பானை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதே 1907-இல் கொரிய மன்னர் அனுப்பிய மூன்று தூதர்கள் ஹேக் மாநாட்டு வாசலில் நின்றார்கள், உள்ளே விடவில்லை. அவர்களில் யி ஜுன் அந்த ஊரிலேயே இறந்துபோனார். 1910-இல் லண்டனில் நடந்த ஜப்பான்-பிரிட்டன் கண்காட்சியை 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அங்கே ஜப்பானின் வடக்குப் பழங்குடிகளான ஐனு மக்களையும் தைவான் பழங்குடிகளையும் கொண்டுவந்து கிராமம் போலக் குடியமர்த்திக் காட்டினார்கள். எங்களுக்கும் ஆளப்படும் மக்கள் உண்டு, நாங்களும் உங்களைப் போலத்தான் என்று ஐரோப்பாவுக்குச் சொல்ல ஜப்பான் தேர்ந்தெடுத்த வழி அது. கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் மாதம், கொரியா இணைக்கப்பட்டது.

சரி, 1919-க்கு வருகிறேன், ஏனென்றால் மாற்று வரலாற்று ஆர்வலர்கள் அடிக்கடி நிற்கிற இடம் அது. பாரிஸில் சர்வதேச சங்கத்தின் சாசனத்தை எழுதிக்கொண்டிருந்த குழுவில் ஜப்பானின் மகினோ நொபுஆகி இனச் சமத்துவக் கொள்கையைச் சேர்க்கச் சொன்னார். ஏப்ரல் 11 அன்று வாக்கெடுப்பு. 17 பேரில் 11 பேர் ஆதரவு. பிரான்ஸ், இத்தாலி, கிரேக்கம், செக்கோஸ்லோவாக்கியா எல்லாம் ஆதரித்தன, ஜப்பானோடு கடும் தகராறில் இருந்த சீனாவும் ஆதரித்தது. தலைமையில் இருந்த அமெரிக்க அதிபர் வில்சன், ஒருமனதாக இல்லை என்று சொல்லித் தள்ளிவிட்டார். வெள்ளையர் மட்டும் குடியேறலாம் என்ற கொள்கையைக் காப்பாற்ற ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் கொடுத்த அழுத்தத்தில் பிரிட்டன் ஆதரிக்கவில்லை.

ஆனால் அதே வாரங்களில் கொரியாவில் என்ன நடந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் இந்த வாக்கெடுப்பைப் பற்றி எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மார்ச் 1 அன்று கொரியத் தலைநகர் சோலில் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டு நாடு முழுக்க மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பாரிஸில் வாக்கெடுப்பு நடந்த அதே ஏப்ரல் 11 அன்று ஷாங்காயில் கொரியாவின் தற்காலிக அரசு அமைந்தது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 15 அன்று, ஜேஅம்ரி என்ற கிராமத்தில் ஜப்பானியப் படையினர் ஆண்களைத் தேவாலயத்துக்குள் கூட்டி வைத்துச் சுட்டு, கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற மிஷனரி கால்நடை மருத்துவர் அங்கே போய் எரிந்த கிராமத்தைப் படம் எடுத்தார், அது உலகத்துக்குத் தெரிய அந்தப் படங்களும் உதவின. கொரியர்களின் பிரதிநிதியாக கிம் க்யூ-சிக் பாரிஸ் வரை வந்திருந்தார். மாநாட்டுக்குள் அவருக்கு இடமில்லை. மகினோ கேட்ட சமத்துவம் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் நாடுகளுக்கும் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும். கொரியர்களுக்கு நாடே இல்லை என்பதால் அவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. அந்த வாக்கியம் நிறைவேறியிருந்தாலும் ஜேஅம்ரி நடந்திருக்கும்.

இப்போது என் கிளைப்பாதை. 1921 கோடையில் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில், ஜப்பான் கூட்டணியைப் புதுப்பிக்கலாமா என்று பிரிட்டனும் கனடா, ஆஸ்திரேலியா போன்ற அதன் தன்னாட்சி டொமினியன்களும் விவாதித்தன. அமெரிக்காவுக்குப் பிடிக்காது என்று கனடாவின் பிரதமர் ஆர்தர் மீகன் எதிர்த்தார். புதுப்பியுங்கள் என்று வாதாடியவர் அதே பில்லி ஹியூஸ். ஜப்பானியர்கள் வந்து குடியேறக் கூடாது, ஆனால் ஜப்பான் கடற்படை நம் பக்கம் இருக்க வேண்டும், இதுதான் அவர் நிலை. அந்த மே மாதம்தான் பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ லண்டன் வந்து ஐந்தாம் ஜார்ஜின் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். நிஜத்தில் மீகன் பக்கம் ஜெயித்தது, வாஷிங்டன் மாநாட்டில் கூட்டணிக்கு முடிவு கட்டினார்கள். நவம்பர் 4 அன்று ஜப்பானியப் பிரதமர் ஹாரா தகாஷி டோக்கியோ ரயில் நிலையத்தில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். என் கற்பனையில் கூட்டணி புதுப்பிக்கப்படுகிறது, ஹாரா பிழைக்கிறார், ராணுவத்தை அமைச்சரவையின் கைக்குள் வைத்திருக்கும் ஒரு வழக்கம் மெல்ல வேர்விடுகிறது, 1931-இல் மஞ்சூரியாவில் அதிகாரிகள் தாங்களாகவே போர் தொடங்குவது நடக்கவில்லை. கொரியா, தைவான், தெற்கு சகாலின், பசிபிக் தீவுகள், தெற்கு மஞ்சூரிய ரயில்வே எல்லாம் ஜப்பானிடமே இருக்கின்றன.

அந்த உலகத்தில் 1930-களின் லண்டன் ஜப்பானை நம்பியிருக்குமா? முழுக்க நம்பியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். சிங்கப்பூரில் பெரிய கடற்படைத் தளம் கட்ட பிரிட்டன் கொள்கையளவில் முடிவெடுத்தது 1921-இல், கூட்டணி உயிரோடு இருக்கும்போதே, ஜப்பானை மனதில் வைத்து. ஆனால் சாதாரண ஆங்கிலேயனின் கோபம் கப்பலைப் பற்றி இருந்திருக்காது, துணியைப் பற்றி இருந்திருக்கும். 1933-இல் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனை முந்தியது. அதே வருடம் இந்தியாவில் ஜப்பானியத் துணிக்கு 75 சதவீத வரி போட்டார்கள், பதிலுக்கு ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பருத்தியை வாங்க மறுத்தன. லங்காஷயரில் ஆலை மூடி வேலை இழந்தவனுக்கு ஒசாகா ஒரு கெட்ட வார்த்தை. சமாதானமான, பணக்கார ஜப்பான் என்றால் இந்தப் போட்டி இன்னும் கடுமையாகியிருக்கும். மலிவான சரக்கு, குறைந்த கூலி, நம் வடிவத்தைத் திருடுகிறார்கள் என்ற புகார்கள்தான் அந்த உலகத்து ஐரோப்பியப் பத்திரிகைகளில் நிறைந்திருக்கும்.

டச்சுக்காரர்கள் வேறு. அவர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளின், அதாவது இன்றைய இந்தோனேசியாவின், சிறு ஊர்களில்கூட ஜப்பானியக் கடைகள் இருந்தன, சாமான் மலிவு, ஜாவாக்காரர்களுக்குப் பிடித்தது. பாலெம்பாங் எண்ணெய்க் கிணறுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றைக் காக்கப் போதிய கப்பல் இல்லாமல் உட்கார்ந்திருந்த நாடு அது. எந்த மாற்று வரலாற்றிலும் ஹேக்கிலிருந்த டச்சு அரசு நிம்மதியாகத் தூங்கியிருக்காது. நிஜத்தில் அந்தப் பயம் பலித்தது, லட்சம் டச்சுக் குடிமக்கள் அளவுக்கு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1971-இல் ஹிரோஹிட்டோ நெதர்லாந்து போனபோது அவருடைய கார் மேல் பொருட்களை வீசினார்கள். லண்டனில் கியூ தோட்டத்தில் அவர் நட்ட மரத்தை யாரோ இரவில் வெட்டிவிட்டார்கள். என் கிளைப்பாதையில் அந்த முகாம்கள் இல்லை, போரில் ஜப்பான் கட்டிய சயாம்-பர்மா ரயில் பாதையும் இல்லை. மலேயாத் தோட்டங்களிலிருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்டு அந்தப் பாதையில் செத்த பல்லாயிரம் தமிழர்கள் உயிரோடு தங்கள் லயங்களில் இருக்கிறார்கள். இதை எழுதும்போது கற்பனைதான் என்று தெரிந்தும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஜெர்மனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அச்சு நாடுகளின் நட்பு எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1938 வரை ஜெர்மன் ராணுவ ஆலோசகர்கள் ஜப்பானை எதிர்த்த சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கிடம்தான் வேலை பார்த்தார்கள். 1937 டிசம்பரில் நான்ஜிங்கில் ஜப்பானியப் படை வெறியாட்டம் ஆடியபோது பாதுகாப்பு மண்டலம் அமைத்துச் சீனர்களைக் காத்தவர்களில் ஒருவரான ஜெர்மானியர் ஜான் ராபே நாஜிக் கட்சி உறுப்பினர். பிரிட்டனோடு கூட்டணியில் இருக்கும் ஜப்பானை பெர்லின் மறுபடியும் கைசர் படத்துக் கண்ணோடுதான் பார்த்திருக்கும். வார்சா மட்டும் மாறியிருக்காது. ரஷ்யா பக்கத்தில் இருக்கும்வரை அங்கே ஜப்பானுக்கு நல்ல பெயர்தான்.

1940 ஒலிம்பிக்ஸ் டோக்கியோவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, போரால் ஜப்பானே கைவிட்டது. என் உலகத்தில் அது நடக்கிறது. ஐரோப்பியர்கள் சைபீரிய ரயிலேறி வந்து, சுத்தமான நகரத்தையும் நேரம் தவறாத ரயில்களையும் பார்த்துவிட்டு வியந்து எழுதியிருப்பார்கள். அதை நினைக்கும்போது எனக்கு 1936 பெர்லின்தான் ஞாபகம் வருகிறது. மாரத்தானில் தங்கம் வென்றவரை அரங்கில் இருந்த ஐரோப்பியர்கள் ஜப்பானியர் என்று கைதட்டினார்கள், ஜப்பான் கீதம் ஒலித்தது. அவர் பெயர் சோன் கீ-சொங், கொரியர். மூன்றாவதாக வந்த நாம் சுங்-யோங்கும் கொரியர். கையெழுத்துக் கேட்டவர்களுக்கு சோன் தன் கொரியப் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தார். சோலில் வந்த டோங்-ஆ இல்போ பத்திரிகை அவர் சட்டையிலிருந்த ஜப்பான் கொடியைப் படத்தில் அழித்து வெளியிட்டது, ஊழியர்கள் கைதானார்கள், பத்திரிகை மாதக்கணக்கில் முடக்கப்பட்டது. நட்பான, மதிக்கப்பட்ட, அமைதியான ஜப்பான் பேரரசில் இந்தப் பத்திரிகைக்காக லண்டனில் ஒரு குரல் எழுந்திருக்குமா? இந்தியாவில் தானே பத்திரிகைகளை மூடிக்கொண்டிருந்த லண்டன் என்ன சொல்லியிருக்க முடியும்?

நிஜ வரலாற்றில் ஆசியாவில் ஐரோப்பியப் பேரரசுகள் உடைந்த விதத்தை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அந்த ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது, சென்னையை விட்டு மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குள் ஓடினார்கள். வெள்ளைக்காரனால் நம்மைக் காப்பாற்றக்கூட முடியாது என்று அன்றைக்குத் தெரிந்தது. ஜப்பான் சரணடைந்து இரண்டு நாளில், 1945 ஆகஸ்ட் 17 அன்று, இந்தோனேசியா விடுதலை அறிவித்தது. செப்டம்பர் 2-இல் வியட்நாம். இந்திய தேசிய ராணுவத்தினர் மீது செங்கோட்டையில் நடந்த வழக்கு நாட்டையே கொதிக்க வைத்தது. என் கிளைப்பாதையில் இது எதுவும் இல்லை. பல கோடி உயிர்கள் பிழைக்கின்றன, அது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தியா காந்தியின் வழியில் எப்படியும் விடுதலை அடைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் இந்தோனேசியாவையும் வியட்நாமையும் கொரியாவையும் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1950-களில் அல்ஜீரியாவைக் கையில் வைத்திருக்கப் போராடும் பிரான்ஸுக்கு, கொரியாவைக் கையில் வைத்திருக்கும் ஜப்பான் மிக நல்ல நண்பன். சர்வதேச சங்கத்தில் இரண்டும் ஒரே பக்கம் கை தூக்கும். அப்போது ஐரோப்பாவுக்குள்ளேயே ஜப்பானைப் பற்றிய கருத்து இரண்டாகப் பிளந்திருக்கும், காலனி வேண்டும் என்பவர்கள் ஜப்பானைப் புகழ, வேண்டாம் என்பவர்கள் பாரிஸ் விடுதிகளில் அல்ஜீரியர்களோடும் வியட்நாமியர்களோடும் தங்கியிருக்கும் கொரிய மாணவர்களின் துண்டுப் பிரசுரங்களை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.